14 மாடி உயரத்தில் வீசும் காற்று மின்சாரமாகுமா?

பெரும்பாக்கம் பக்கத்தில் 14 மாடிக் குடியிருப்பில் இருப்பதாகவும், சாயங்காலம் மொட்டைமாடியில் துணி காயப்போட்டால் கிளிப்போடு பிய்த்துக்கொண்டு போகிற அளவுக்குக் காற்று என்றும் எழுதியிருக்கிறீர்கள். 5 கிலோவாட் செங்குத்துக் காற்றாலை (நேராக நிற்கும் அச்சைச் சுற்றிச் சுழலும் வகை) ஒன்றுக்கு உங்கள் அசோசியேஷனிடம் ஒரு நிறுவனம் விலை கொடுத்திருக்கிறது, அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். "இவ்வளவு காற்று வீணாகப் போகிறதே, சென்னை மாதிரி பெரிய ஊருக்குள் ஏன் யாரும் காற்றாலை வைப்பதில்லை?" என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உங்கள் மாடியில் வைத்தால் போட்ட பணம் திரும்புமா என்பது ஒன்று. பெரிய நகரத்துக்குள் காற்றாலைக்கு இடமே கிடையாதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில், ஏறக்குறைய நிச்சயமாகத் திரும்பாது. இரண்டாவதற்கு, இடம் இருக்கிறது, ஆனால் அது வீட்டு மாடி இல்லை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கமாக எழுதுகிறேன். பணம் உங்கள் எல்லோருடையதும் என்பதால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

நான் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் 9 வருடம் இருந்தேன். அப்புறம் காற்று அளவீட்டு வேலைக்கு வந்து 10 வருடம் ஆகிறது. அதனால் காற்றைப் பற்றியும் இயந்திரத்தைப் பற்றியும் நான் சொல்வதை நம்பலாம். உங்கள் கட்டடத்தின் மேல்தளம் எவ்வளவு தாங்கும் என்பதை மட்டும் அதன் வரைபடத்தைப் பார்த்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும். நான் சொல்லக் கூடாது.

முதலில் சந்தேகமே இல்லாத ஒரு விஷயம். காற்றிலிருந்து கிடைக்கும் மின்சாரம் காற்றின் வேகத்தோடு நேராக ஏறுவதில்லை, வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் மின்சாரம் எட்டு மடங்கு. வினாடிக்கு 5 மீட்டர் வீசும் இடத்தையும் 6 மீட்டர் வீசும் இடத்தையும் நின்று பார்த்தால் நம் உடம்புக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. இயந்திரத்துக்கு அது 73 சதவீதம் கூடுதல். தலைமுடி பறக்கிறது, வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது என்றால் காற்று 5, 6 மீட்டர் வேகத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நமக்கு அது பலத்த காற்று. ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றாலைப் பகுதியான முப்பந்தலில் சீசன் நேரத்தில் வேலை பார்த்தவனுக்கு அது இயந்திரம் மெல்ல விழித்துக்கொள்ளும் வேகம்.

இப்போது அந்த 5 கிலோவாட் என்ற எண்ணைப் பாருங்கள். சிறிய காற்றாலைகளில் அந்த எண் பெரும்பாலும் வினாடிக்கு 11 அல்லது 12 மீட்டர் காற்றுக்குச் சொல்லப்படுவது. அதாவது மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல். சென்னையில் அந்தக் காற்று விடாமல் வீசினால் அன்றைக்குச் செய்தியில் புயல் எச்சரிக்கை ஓடும். 12 மீட்டர் என்றே எடுத்துக்கொண்டால், அதில் மூன்றில் ஒரு பங்கான 4 மீட்டர் காற்றில் அதே இயந்திரம் தருவது 27-ல் ஒரு பங்கு, 185 வாட் அளவு. இரண்டு சீலிங் ஃபேன் ஓடும். "2 மீட்டரிலேயே சுற்ற ஆரம்பிக்கும்" என்று விலைப்புள்ளியில் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். சுற்ற ஆரம்பிக்கலாம். அந்த வேகத்தில் கணக்குப்படி வருவது 23 வாட். இன்வெர்ட்டர் தனக்காக எடுத்துக்கொண்டது போக மீட்டரில் ஒன்றும் தெரியாது.

உங்கள் மாடியில் ஆண்டுச் சராசரி 4 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். நகரத்துக்குள் அது தாராளமான எண். காற்று ஒரே சீராக வீசுவதில்லை, பலமாக வீசும் மணி நேரங்கள்தான் பெரும்பங்கைத் தருகின்றன என்பதால் சராசரி வேகத்தில் கிடைப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கணக்கிடலாம். அப்படிப் பார்த்தாலும் வருடத்துக்கு 3,000 யூனிட்டைச் சுற்றித்தான் நிற்கிறது. அதுவும் இயந்திரம் பழுதில்லாமல், குழப்பமில்லாத காற்றில் ஓடினால். அதே மாடியில் 5 கிலோவாட் சோலார் பலகை போட்டால் சென்னை வெயிலுக்கு ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் வீதம், வருடத்துக்கு 7,000 யூனிட் தாண்டும். ஏறக்குறைய 500 சதுர அடி போதும். சுற்றும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது.

அந்த நிறுவனத்தின் விளம்பரப் பிரசுரத்தையே சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். இறக்கை சுற்றும் பரப்பின் அகலத்தையும் உயரத்தையும் பெருக்குங்கள். 12 மீட்டர் காற்றில் ஒரு சதுர மீட்டருக்குள் பாய்ந்து போகும் சக்தி ஏறத்தாழ 1,000 வாட். அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த இயந்திரத்தாலும் எடுக்க முடியாது. 100 வருடத்துக்கு முன்பு ஜெர்மானியர் ஆல்பர்ட் பெட்ஸ் கணக்கிட்டுக் காட்டிய எல்லை இது. நல்ல சிறிய இயந்திரம் 30 சதவீதம் எடுத்தாலே பாராட்டலாம். அப்படியானால் 5 கிலோவாட்டுக்கு 16, 17 சதுர மீட்டர் வேண்டும், அதாவது 4 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம். பிரசுரத்தில் 2 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம் என்று போட்டிருந்தால் பரப்பு வெறும் 5 சதுர மீட்டர். அதற்குள் வந்து போகிற மொத்தக் காற்றிலுமே 5 கிலோவாட்தான் இருக்கிறது. அப்படியொரு எண்ணைக் கண்டால் அந்த விலைப்புள்ளியை மூடி வைத்துவிடலாம்.

அடுத்தது நகரத்துக் காற்றின் குணம். காற்றுக்குத் திசை பார்த்துப் பெயர் வைத்தவர்கள் நாம். தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. திறந்த வெளியில் அந்தப் பெயர்கள் பொருந்தும். நகரத்து மாடியில் ஒரே நிமிடத்தில் நாலும் அடிக்கும். கடற்கரையிலிருந்து கிளம்பும் கடற்காற்று வழியில் எத்தனையோ கட்டடங்களில் மோதி, வேகம் குறைந்து, சுழன்று சுழன்றுதான் வந்து சேர்கிறது. உங்கள் கட்டடத்தின் சுவரில் முட்டியதும் மேலே ஏறி, கைப்பிடிச் சுவரின் விளிம்பில் தளத்தை விட்டுப் பிரிந்து தாவுகிறது. அந்தத் தாவலுக்குக் கீழே, தளத்துக்கு மேலே, ஒரு குழப்பமான பகுதி உண்டாகிறது. நீங்கள் நிற்பது அதற்குள்தான். துணியைப் பிய்த்துக்கொண்டு போவதும் அதுதான்.

இதை நீங்களே பார்க்கலாம். வேளச்சேரியில் ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்தில் நாங்கள் இப்படித்தான் கமிட்டிக்குக் காட்டினோம். 6 மீட்டர் நீள ஜி.ஐ. குழாய் ஒன்றை மாடியின் நடுவில் நிறுத்தி, மீட்டருக்கு ஒன்றாகப் பழைய நைலான் சேலையைக் கிழித்து ரிப்பன் கட்டினோம். பிற்பகல் 3 மணி, கிழக்கிலிருந்து நல்ல கடற்காற்று. உச்சியில் இருந்த ரிப்பன் மேற்கே நீட்டிக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே இருந்தது நிலைகொள்ளாமல் படபடவென்று அடித்தது. கீழிருந்து இரண்டாவது ரிப்பன் கடலைப் பார்த்து, அதாவது காற்று வரும் திசையைப் பார்த்தே பறந்தது. எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது குழாயோடு ஒட்டித் தொங்கியது. ஒரே குழாய், ஒரே நேரம். பக்கத்தில் நின்ற செயலாளர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுல எந்த ரிப்பன் இருக்கிற இடத்துல சார் மெஷினை வைக்கப்போறோம்?" என்று கேட்டார். சரியான கேள்வி. சுற்றிலும் 150 மீட்டருக்குள் இருக்கிற எல்லாவற்றையும்விட இறக்கையின் அடிப்பகுதி 9 மீட்டராவது உயரமாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பழைய விதி. லிஃப்ட் அறை, தண்ணீர்த் தொட்டி, பக்கத்துக் கட்டடம் எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

செங்குத்துக் காற்றாலைக்கு எந்தத் திசைக் காற்றும் ஒன்றுதான், அதனால் நகரத்துக்கு ஏற்றது என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பாதி உண்மை. திசை மாறினால் அது திரும்பி நிற்க வேண்டியதில்லை, சரி. ஆனால் இல்லாத வேகத்தை அதனால் உண்டாக்க முடியாது. பீப்பாயை நெடுக்கில் பிளந்த மாதிரி இருக்கும் சவோனியஸ் வகை மெல்லிய காற்றிலும் சுற்றும், ஆனால் காற்றில் இருப்பதில் கொஞ்சத்தைத்தான் எடுக்கும். வளைந்த மெல்லிய இறக்கைகள் உள்ள டாரியஸ் வகை அதைவிட நன்றாக எடுக்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் இறக்கையின் மேல் விசை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாறிக்கொண்டே இருப்பதால் இணைப்புகளும் பேரிங்கும் சீக்கிரம் களைத்துப்போகும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஷெட் கூரைகளின் மேல் வெள்ளி உருண்டைகள் எப்போதும் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெப்பக் காற்றை வெளியேற்றும் டர்போ வென்டிலேட்டர்கள். சுற்றுகிறது என்பதாலேயே அதில் ஒரு பல்பை எரிக்க முடியாது. கண்ணுக்குச் சுற்றல்தான் தெரியும், யூனிட் தெரியாது. விளம்பர வீடியோக்களில் காட்டுவதும் சுற்றலைத்தான்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. பிரிட்டனில் 2007-லும் 2008-லும் வார்விக் சோதனை என்ற பெயரில் கட்டடங்களின் மேல் பொருத்திய 26 சிறு காற்றாலைகளை ஒரு வருடம் அளந்தார்கள். முழுத் திறனில் வருடம் முழுக்க ஓடினால் வரவேண்டியதில் சராசரியாக வந்தது 0.85 சதவீதம். நிறுத்தி வைத்திருந்த நேரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 4.15 சதவீதம்தான். உங்கள் 5 கிலோவாட்டுக்கு அதை மாற்றிப் பார்த்தால் முதல் கணக்கில் வருடத்துக்கு 370 யூனிட் சொச்சம், இரண்டாவதில் 1,800 யூனிட். அந்தச் சோதனையில் நன்றாக ஓடியவை உயரமான அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில் இருந்தவைதான். உங்களுக்கு இது நம்பிக்கையாகத் தோன்றலாம். ஆனால் கீழே குடியிருந்தவர்கள் சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொன்னதால் அவற்றைத்தான் பெரும்பாலான நாட்கள் நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது.

அந்தச் சத்தம் எப்படி வருகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியின் மாடியில் 3 கிலோவாட் இயந்திரம் ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். மாடியில் நின்றால் பெரிய சத்தமே இல்லை. ஒரு மாடி இறங்கி, கம்பத்துக்கு நேர் கீழே இருந்த அறைக்குள் போனேன். கட்டிலின் தலைப்பலகையில் உள்ளங்கையை வைத்தால் கம்பத்தின் அதிர்வு அப்படியே கைக்கு வந்தது. மேஜையில் டம்ளரில் இருந்த தண்ணீரின் மேல் வட்டம் வட்டமாக அலை. கான்கிரீட் அந்த அதிர்வை நன்றாகக் கடத்தும். ரப்பர் திண்டு வைத்தால் குறையும், போகாது. அந்த அறையை அவர்கள் யாருக்கும் கொடுக்க முடியாமல், கடைசியில் இயந்திரத்தைக் கழற்றிவிட்டார்கள். நம் நாட்டுச் சத்தக் கட்டுப்பாட்டு விதிப்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் அனுமதி. உங்கள் 14-வது மாடியில் இருக்கும் குடும்பங்களை மனதில் வையுங்கள். பயன் எல்லோருக்கும், தூக்கம் கெடுவது அவர்களுக்கு மட்டும்.

புயலையும் விட்டுவிட முடியாது. இந்தியத் தர விதிகளில் சென்னைக்கு விதித்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் 150 கிலோ எடைக்குச் சமமான தள்ளு விசை விழும். 16 சதுர மீட்டரில் இறக்கைகள் மூன்றில் ஒரு பங்கை மறைத்தாலும் 800 கிலோ, அதுவும் ஒரு கம்பத்தின் உச்சியில், பக்கவாட்டில். அந்த முறுக்கு முழுக்க உங்கள் மேல்தளத்துக்குத்தான் இறங்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்தபோது நகரத்தில் மரங்கள் சாய்ந்து கிடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 14 மாடி உயரத்திலிருந்து ஒரு இறக்கை பிய்ந்தால் அது எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. இடம் பார்க்க வந்தவர் நட்டு போல்ட்டைப் பற்றி மட்டும் பேசினார் என்றால், தளத்தின் கம்பி வரைபடத்தைக் கேட்டாரா என்று கேளுங்கள்.

கட்டடத்தில் காற்றாலையே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. 2008-ல் முடிந்த பஹ்ரைன் உலக வர்த்தக மையத்தில் 240 மீட்டர் உயர இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே மூன்று பாலங்களில், ஒவ்வொன்றும் 29 மீட்டர் விட்டமும் 225 கிலோவாட்டும் கொண்ட மூன்று காற்றாலைகள் நிற்கின்றன. வளைகுடாவிலிருந்து வரும் கடற்காற்றைக் குவித்து நடுவே அனுப்பும்படி கோபுரங்களையே பாய்மரம் மாதிரி வடித்திருக்கிறார்கள். அப்படியும் கட்டடத்துக்கு வேண்டிய மின்சாரத்தில் 11 முதல் 15 சதவீதம்தான் எதிர்பார்த்தார்கள். லண்டனில் 2010-ல் கட்டிய ஸ்ட்ராட்டா என்ற 43 மாடிக் குடியிருப்பின் தலையில் 19 கிலோவாட் இயந்திரங்கள் மூன்றைப் பதித்தார்கள். 8 சதவீத மின்சாரம் அதிலிருந்து வரும் என்றார்கள், பெரும்பாலான நாட்கள் அவை சும்மாவே நின்றன. கட்டட வடிவமே காற்றுக்காகப் பிறந்திருந்தும் இந்த நிலை என்றால், கட்டி முடித்த மாடியில் பிற்பாடு கொண்டுபோய் நடுவதை என்ன சொல்வது.

இனி இரண்டாவது கேள்வி. நகரத்தின் எல்லைக்குள் பெரிய காற்றாலை ஓடும் ஊர்கள் உண்டு. டொராண்டோவில் ஏரிக்கரைக் கண்காட்சித் திடலில் 2003 முதல் 90 மீட்டர் உயரத்தில் ஒன்று நிற்கிறது, அதில் பாதிப் பணம் பொதுமக்கள் கூட்டுறவாகச் சேர்ந்து போட்டது. பாஸ்டனில் துறைமுகத்தை ஒட்டிய டீர் ஐலண்ட் கழிவுநீர் நிலையத்தில் 600 கிலோவாட் காற்றாலைகள் இரண்டை நிறுவி, அந்த மின்சாரத்தை அங்கேயே பயன்படுத்துகிறார்கள். கோபன்ஹேகன் இன்னும் ஒரு படி மேலே போய், கரையிலிருந்து 3.5 கிலோமீட்டரில் மிடில்குருண்டன் என்ற ஆழமில்லாத திட்டில் 2 மெகாவாட் இயந்திரங்கள் 20-ஐ 2000-ஆம் ஆண்டில் நிறுத்தியது. அதில் பாதி 8,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் சேர்ந்த கூட்டுறவுக்குச் சொந்தம். இந்த மூன்றும் ஊரின் விளிம்பில் இருப்பதைக் கவனியுங்கள். முன்னால் தண்ணீர், காற்று எதிலும் மோதாமல் வருகிறது. பக்கத்தில் படுக்கையறை கிடையாது.

சென்னையில் அப்படி இடம் எது என்று தேட, 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டு நெறியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய காற்றாலைக்கும் குடியிருப்புக்கும் நடுவே 500 மீட்டர் வேண்டும் என்கிறது அது. நகர வரைபடத்தில் 500 மீட்டர் ஆரத்துக்கு ஒரு வட்டம் போட்டு, அதை வீடே இல்லாத இடமாகப் பார்த்து நகர்த்திக்கொண்டே போங்கள். தி. நகரில் நிற்காது, அடையாறில் நிற்காது. கிண்டிப் பூங்கா காடு. மீனம்பாக்கத்தில் விமானங்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் வட்டத்துக்குள் அடங்கும், ஆனால் 2022 முதல் அது ராம்சர் என்ற சர்வதேசப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள ஈரநிலம், பூநாரைகள் இறங்கும் இடத்தில் இறக்கையைச் சுற்றவிட எனக்கு மனம் வராது. (தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் அலுவலகம் இருப்பதும் அதே பள்ளிக்கரணையில்தான். அதன் இயந்திரச் சோதனை நிலையம் காற்று இருக்கிற கயத்தாற்றில் இருக்கிறது.) மிஞ்சுவது வடக்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் கடல் பக்கம். அங்கே ஒரு சில இயந்திரங்கள் பலன் தரலாம் என்பது என் ஊகம். உயரக் கோபுரம் வைத்து ஒரு வருடமாவது அளக்காமல் உறுதியாகப் பேச முடியாது. பழவேற்காடு பக்கத்தில் இருப்பதால் பறவைகளின் பாதையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அந்தப் பகுதி மீனவர்களைக் கேட்காமல் தொடங்கவும் கூடாது.

நகரம் காற்று மின்சாரத்தில் ஓட வேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயமானது, எனக்கும் அதே ஆசைதான். காற்றைச் சென்னைக்குள் தேட வேண்டியதில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டிலும் செங்கோட்டையிலும் ஆரல்வாய்மொழியிலும் விட்டிருக்கும் வாசல்கள் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பிதுங்கி வருகிறது. தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை இருப்பது அந்த வாசல்களால்தான். திருப்பூர், கோவை மில்காரர்கள் இதை முதலிலேயே புரிந்துகொண்டார்கள். அவர்களுடைய காற்றாலை அவர்கள் கூரையில் இல்லை, முப்பந்தலிலும் உடுமலையிலும் நிற்கிறது, மின்சாரம் கம்பி வழியாகக் கணக்கில் வந்து சேர்கிறது. 100 கிலோவாட் முதல் மின்சுமை உள்ளவர்கள் பசுமை மின்சாரத்தை வெளியிலிருந்து வாங்க 2022-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி வழி செய்திருக்கிறது. லிஃப்ட், மோட்டார், பொது விளக்கு எல்லாம் சேர்ந்த உங்கள் பொது இணைப்பு அந்த அளவைத் தொடுகிறதா, கட்டணங்கள் போக லாபம் நிற்குமா என்று ஒரு மின் ஆலோசகரிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த கூட்டத்தில் என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். சோலாருக்கு விலைப்புள்ளி வாங்குங்கள், அதற்குக் காத்திருக்கக் காரணமே இல்லை. காற்றாலை வேண்டும் என்று யாராவது பிடிவாதமாக இருந்தால், தளத்திலிருந்து 9 மீட்டர் உயரக் கம்பத்தில் பதிவுக்கருவியோடு ஒரு காற்றுவேகமானியை மாட்டச் சொல்லுங்கள். இயந்திரத்தின் விலையோடு பார்த்தால் அது சின்னச் செலவு. 10 நிமிடத்துக்கு ஒரு சராசரி பதிவாக வேண்டும். செல்போனில் காற்றடிக்கும்போது எடுத்த ஒரு படம் அளவீடு ஆகாது. விற்பவரிடம், அவர் ஏற்கெனவே மாட்டிய ஒரு மாடியின் 12 மாத மீட்டர் கணக்கைக் கேளுங்கள், வருடத்துக்கு இத்தனை யூனிட் குறையாது என்று ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்கு அவர் தயங்கினாலே உங்களுக்கு விடை கிடைத்துவிடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், ஆடி மாதத்து எண்ணை மட்டும் வைத்து வருடக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். ஐப்பசி மாதத்து ராத்திரிகளையும் சேர்த்து அளக்க வேண்டும். ஆனி பிறப்பதற்குள் கம்பத்தை நிறுத்திவிட்டால் மார்கழி முடியும்போது இரண்டு பருவங்களின் பதிவும் உங்கள் கையில் இருக்கும். அந்தப் பதிவை இங்கே போடுங்கள், உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.